பல் டாக்டர் வாழ்த்த வந்தார்

பல் டாக்டருக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவருக்குக் கேட்கத்தான் தெரியாது.

தொழில் அப்படி. அவருடைய நாற்காலியில் சாய்ந்தவர்களின் வாயில் கண்ணாடி, உறிஞ்சுகுழாய், பஞ்சு, அவருடைய இரண்டு விரல்கள் என்று ஒரு கூட்டுக்குடும்பமே குடியிருக்கும். அந்த நிலையில்தான் அவர் அவர்களிடம் நாட்டு நடப்பு பேசுவார், கருத்தும் கேட்பார். அவர்கள் "ஆ" என்பார்கள். சரியாகச் சொன்னீர்கள் என்று அவர் மேலே போவார். வலித்தால் கையைத் தூக்குங்கள் என்பது அவர் கொடுக்கும் ஒரே சலுகை. கை, மேலே போர்த்திய பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் இருக்கும். இப்படியே பல வருடம் போனதில், உலகத்தில் யாருக்கும் தன்னிடம் ஆட்சேபம் கிடையாது என்று அவர் மனதார நம்பினார்.

விடுமுறை நாட்களில் அவர் ஒரு குட்டி விமானம் ஓட்டுவார். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தால் நெருக்கடி. ஊருக்கு வெளியே புல்வெளியில் ஒரு பறக்கும் கிளப் இருந்தது. அதன் தலைவர் மரக்கடை வைத்து ஓய்வு பெற்றவர், பட்டப்பெயர் வானொலி. பறக்க வேண்டாம் என்று அவருடைய இதயத்துக்கு வைத்தியர் தடை போட்டிருந்தார். நாக்குக்கு எந்தத் தடையும் போடவில்லை. கிளப் அறையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்துகொண்டு, மேலே போன ஒவ்வொருவருக்கும் இறங்கும்வரை புத்தி சொல்வார். இறக்கை சாய்கிறது, எண்ணெயைப் பார், மூக்கைத் தூக்காதே, போன தடவை நாற்காலியில் சட்டையை விட்டுப் போனது யார்.

ஆகவே கிளப்பில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. சக்கரம் தரையை விட்டதும் எல்லோருடைய கையும் தானாக ரேடியோவின் வால்யூம் குமிழுக்குப் போகும். ஒரு திருப்பு திருப்பினால் அமைதி. கிளப்பின் விதிப் புத்தகத்தில் இது இல்லை. இருந்தவற்றைவிட இதைத்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். இறங்கியதும் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, "நீங்க சொன்னது ரொம்ப உதவியா இருந்துச்சு" என்று தலைவரிடம் போய்ச் சொல்லுவார்கள். அவர் முகம் மலரும். பெரிய மனிதர், அவர் மனதை ஏன் நோகடிக்க வேண்டும்?

பல் டாக்டருடைய மனைவிக்கு ஒரு தங்கை. நகரத்துப் பெரிய விமான நிலையத்தில் ராடார் அறையில் வேலை. விமான நிலையத்தைச் சுற்றி வானத்தில் ஒரு வேலி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, வரைபடத்தில் மட்டும் இருக்கும். அதற்குள் நுழைய விரும்பும் எந்த விமானமும் முதலில் ரேடியோவில் கூப்பிட்டு, பதில் வாங்கி, சொன்ன வழியில், சொன்ன உயரத்தில் வர வேண்டும். அந்தப் பதிலைச் சொல்வதுதான் தங்கையின் வேலை. வேலை என்று சொல்வதும் கொஞ்சம் அதிகம். பின்னால் ஒரு மூத்தவர் நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் அவள் அதைச் செய்யலாம். தனியாக உட்காரும் உரிமத்துக்கு ஒரு தேர்வு, நிஜ விமானங்களை வைத்தே நடக்கும். அதில் அவள் ஏற்கெனவே தவறியிருந்தாள். இந்த முறையும் தவறினால் பிறகு முறை கிடையாது, வானிலை மேசைதான். அங்கே மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். மேகங்களுக்கு வழி சொல்ல முடியாது.

தேர்வு நடத்துபவரை, அவர் காதில் விழாதபடி, பூட்டு என்று அழைப்பார்கள். வாயைத் திறக்காதவர். "ம்" என்பார். அந்த "ம்"மில் எத்தனை வகை என்று தேர்வு எழுதியவர்கள் உணவு இடைவேளையில் ஆராய்ச்சி செய்வார்கள். நீளமான "ம்" நல்லது என்று ஒரு கட்சி, நீளமான "ம்" வந்தால் தொலைந்தோம் என்று இன்னொரு கட்சி.

தேர்வுக்கு முந்தின நாள் அக்கா போன் செய்தாள். நன்றாகச் சாப்பிட்டுப் போ, தூங்கிவிட்டுப் போ என்பவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் பல் டாக்டர் போனைப் பிடுங்கிக்கொண்டார். அவரிடம் சில நாட்களாகவே ஒரு யோசனை இருந்தது. நாளை தான் குட்டி விமானத்தை எடுத்துக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் வந்து, முறைப்படி கூப்பிட்டு, முறைப்படி உள்ளே நுழைந்து, முறைப்படி வெளியேறினால் அவளுக்கு ஒரு சுலபமான கேள்வி கிடைத்த மாதிரி ஆகாதா? தெரிந்த பையன் என்று வாத்தியார் எளிய கணக்காகக் கொடுப்பதில்லையா?

வேண்டாம் அத்தான் என்றாள் தங்கை. தயவுசெய்து வேண்டாம் என்றாள். சொந்தக்காரர் விமானம் என்று தெரிந்தால் தேர்வையே ரத்து செய்துவிடுவார்கள், அது விதி என்று விளக்கினாள். கூச்சப்படாதே மச்சினி என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

ராடார் அறைக்கு ஜன்னல் கிடையாது. வானத்தைப் பார்க்க வேண்டியவர்களை வானம் தெரியாத அறையில் உட்கார வைப்பதற்கு நல்ல காரணம் ஏதோ இருக்க வேண்டும். இருட்டு, குளிர், கால் பதிந்தால் சத்தம் வராத தரைவிரிப்பு. பச்சை எழுத்துகள் மெல்ல நகரும் திரைகளுக்கு முன்னால் எல்லோரும் மருத்துவமனையில் காத்திருப்பவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பர்ஸ், கைபேசி எல்லாம் வெளியே அலமாரியில். தங்கை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். பின்னால் பூட்டு உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "ம்" என்றார். நடுத்தர நீளம்.

காலை நன்றாகவே போனது. ஓடுபாதையில் ஏதோ டயர்த் துண்டு கிடந்தது என்று சிறிது நேரம் மூடிவிட்டார்கள். வந்துகொண்டிருந்த விமானங்களைத் தூரத்தில் அடுக்கடுக்காகச் சுற்றவிட்டாள். பாதை திறந்ததும் ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினாள். பின்னாலிருந்து இரண்டு "ம்" வந்தன, இரண்டும் கெட்ட "ம்" இல்லை. அவளுடைய தோள்கள் இறங்கி, நாற்காலி அவளுக்குச் சொந்தமானதுபோல ஆகிக்கொண்டிருந்தபோது ஹெட்செட்டில் அந்தக் குரல் வந்தது.

பத்திரமாகப் பல்லுக்கு மேல் பல் வைத்துப் பேசும் குரல். முறைப்படி விமானத்தின் அழைப்புக் குறியைச் சொல்லி, இன்ன இடத்தில் இன்ன உயரத்தில் இருக்கிறேன், உள்ளே வர அனுமதி தேவை என்றது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். தான் இன்று யதேச்சையாக இந்தப் பக்கம் வந்ததாகவும், ராடார் அறையில் இருப்பவர் யாரென்றே தனக்குத் தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னது. அப்படி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

அவளுக்குக் காது சூடானது. குரல் மட்டும் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். அனுமதி இல்லை, வேலிக்கு வெளியிலேயே இருங்கள், சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றாள். திருப்பிச் சொல்லவில்லை. மறுபடி சொன்னாள். கொஞ்ச நேரம் அமைதி. அந்த அமைதி பல் டாக்டருக்கு நன்றாகப் பழகிய அமைதி.

"நல்லது, ஆட்சேபணை எதுவும் இல்லைன்னு எடுத்துக்கிறேன்," என்றது குரல். "உள்ளே வர்றேன்."

பசுமையான வயல்களுக்கு மேலே என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. சக்கரம் தரையை விட்டதும் அவருடைய கை குமிழைத் திருப்பியிருந்தது. பிறகு அலைவரிசையை மட்டும் நகரத்துக்கு மாற்றினார். அவர் பேசுவது ஊருக்கெல்லாம் கேட்டது. அவருக்கு ஒரு பூச்சியின் ரீங்காரம்கூடக் கேட்கவில்லை. திரையில் ஒரு சின்னப் புள்ளி வேலியைத் தாண்டியது.

இப்போது பின்னாலிருந்து "ம்" வரவில்லை. தங்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். பூட்டு காலைக் கீழே இறக்கிவிட்டு, கன்னத்தின் வலது பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். குரலை அவரும் அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. எப்படி என்பதுதான் புரியவில்லை. இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். தெரியாத மனிதரைப் பார்க்கும் முகத்தோடு இரண்டு பேரும் அந்தப் புள்ளியைப் பார்த்தார்கள்.

ரேடியோ கேட்காத விமானம் உள்ளே வந்தால் என்ன செய்வது என்று புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தூரத்தில் வைத்துக்கொண்டு மற்றவர்களை நகர்த்து. அவள் நகர்த்தினாள். சிக்கல், பல் டாக்டர் பேசிக்கொண்டே இருந்ததுதான். ஒருவர் பேசும்போது அதே அலைவரிசையில் இன்னொருவர் பேச முடியாது. கீழே ஆறு அழகாக இருப்பதை அவர் சொன்னார். கூட வந்திருப்பவர் தன் துணைவியார் என்றும், அவர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவள் எல்லா விமானங்களையும் பக்கத்து அலைவரிசைக்கு வரச் சொன்னாள். ஒவ்வொன்றாக வந்தன. ஒரு விமானி, அந்த ஐயா நன்றாகத்தான் பேசுகிறார், விட்டு வர மனமில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். பல் டாக்டர் காலி மண்டபத்தில் சொற்பொழிவைத் தொடர்ந்தார்.

அழகான வேலை. ராடார் அறையின் மேற்பார்வையாளர் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். இப்படியே அந்தப் புள்ளி குறுக்கே போய் மறுபக்கம் வெளியேறினால் தேர்வு முடிந்தது, உரிமம் கையில். யார் ஓட்டினார்கள் என்று பிறகு யாராவது தேடினால் கிளப்பின் பெயர்தான் வரும்.

ஆனால் பல் டாக்டர் பண்பாளர். "நீங்க ரொம்ப வேலையா இருக்கீங்க போல," என்றார். "அவசரம் இல்லை. நீங்க கூப்பிடற வரைக்கும் இங்கேயே சுத்திக்கிட்டு இருக்கேன்."

அவர் பெருந்தன்மையோடு தேர்ந்தெடுத்த அந்த இடம், ஓடுபாதைக்கு இறங்கிவரும் விமானங்களின் வழிக்கு நட்டநடுவே இருந்தது. கோபுரத்திலிருந்து சிவப்பு விளக்கைக் காட்டச் சொன்னாள். காட்டினார்கள். விளக்கெல்லாம் போட்டு வரவேற்கிறார்கள் என்று அவர் நெகிழ்ந்தார்.

வெளியே சுற்றிக்கொண்டிருந்தவற்றில் கடைசி விமானத்தின் விமானி அப்போது கூப்பிட்டார். நிறையப் பயணிகள் உள்ள விமானம். டயர்த் துண்டுக்காகச் சுற்றியதில் எரிபொருள் தீர்ந்துகொண்டு வருகிறது, இனி காத்திருக்க முடியாது, இறங்கியாக வேண்டும் என்றார். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

இருந்தது ஒரே ஓடுபாதை. வழியில் அத்தான் நன்றி சொல்லிக்கொண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் கிளப்புக்குப் போன் போட்டார். தலைவர் வானொலி எடுத்து, தான் காலையிலிருந்து அவரோடு தொடர்பில்தான் இருப்பதாகவும், மூக்கைத் தூக்காதே என்று இப்போதுகூடச் சொன்னதாகவும் உறுதி கூறினார்.

அக்காவின் எண் அவளுக்கு மனப்பாடம். மேசைத் தொலைபேசி முழங்கை தூரத்தில் இருந்தது. அதில் பேசுவதெல்லாம் பதிவாகும். எடுத்தால், இந்த எண் உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் தேர்வு போகும். எடுக்காமலிருக்க வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று ஒரு நொடி தேடினாள். வெளியே சுற்றும் விமானியின் சாதாரணக் குரல் மறுபடி கேட்டது. எடுத்துவிட்டாள்.

அக்கா அழைப்பைத் துண்டித்தாள். தெரியாத எண், அதுவும் படம் எடுக்கும் நேரத்தில். தங்கை மறுபடி போட்டாள். இந்த முறை அக்கா எடுத்தாள். இன்ஜின் சத்தம் வெள்ளமாக வந்தது.

"அக்கா, நான்தான்."

"நீ டெஸ்டுல இல்ல? போன் பேசலாமா அங்கே?"

"பேசக்கூடாது. ரேடியோ சத்தத்தைக் கூட்டச் சொல்லு. ஒண்ணும் கேட்கலை அவருக்கு."

"பேசிட்டிருக்காரே. முடிக்கட்டும், சொல்றேன்."

"அவர் முடிக்க மாட்டார், அக்கா. ரேடியோவில வால்யூம்னு ஒரு குமிழ் இருக்கும். நீயே திருப்பு. இப்பவே."

அக்கா எட்டித் திருப்பியிருக்க வேண்டும். பல் டாக்டர் ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றார். மணமேடைக்கு முன் அவருக்கு அப்படி ஒரு அனுபவம் இருந்ததா என்று தெரியாது, மணமான பிறகு இல்லை. தங்கை பழைய அலைவரிசையில் அவருடைய அழைப்புக் குறியைச் சொன்னாள். இடதுபுறம் திரும்புங்கள், இந்தத் திசையில் நேரே போங்கள், நான் சொல்லும்வரை பேசாதீர்கள்.

"மச்சி..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. திரும்புங்க."

புள்ளி திரும்பியது. வேலிக்கு வெளியே போனது. பெரிய விமானம் இறங்கியது. இறங்கிய விமானி நன்றி சொன்னார், அதையும் சாதாரணமாகவே சொன்னார். பின்னாலிருந்து ஒரு "ம்" வந்தது. மிக நீளமானது. எந்தக் கட்சிக்காரரும் இதுவரை கேட்டிராதது.

தேர்வுக்குப் பின் பேசும் அறை, நாலு நாற்காலிக்கும் ஒரு செத்துப்போன செடிக்கும் இடமுள்ள அறை. பூட்டு கதவைச் சாத்தினார். பிறகு பேசினார். அவர் குரல் இவ்வளவு மெல்லியதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

போன வாரம் அவர் கடைவாய்ப் பல்லுக்காக ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். வாய் நிறையப் பஞ்சு. டாக்டர் பேச்சுவாக்கில், தன் மச்சினிக்குத் தேர்வு, அன்றைக்கு விமானத்தில் வந்து அவளுக்கு உதவப் போகிறேன், தப்பு என்று நினைத்தால் கையைத் தூக்குங்கள் என்று சொல்லியிருக்கிறார். நாற்காலியில் இருப்பவர்தான் அந்தத் தேர்வை நடத்துபவர் என்று டாக்டருக்குத் தெரியாது. தூக்கியிருக்கலாம் என்றார் பூட்டு. தூக்கினால் நிறுத்திவிட்டு என்ன என்று கேட்பார், மரத்துப்போன நாக்கோடு பதில் சொல்ல வேண்டும், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது.

இரண்டு பேரும் செடியைப் பார்த்தார்கள்.

"நீங்க பண்ணின வேலை சுத்தம்," என்றார். "இத்தனை வருஷத்துல நான் பார்த்ததில்லை. எதிர்முனை சரியா பதிவாகியிருக்காது, அவ்வளவு இரைச்சல். அக்கான்னு கூப்பிட்டது பெரிய விஷயமில்லை, கடைக்காரம்மாவைக்கூட அக்கான்னுதான் கூப்பிடறோம். கடைசியில ஏதோ மச்சின்னார். சிநேகிதனை மச்சின்னு கூப்பிடறதில்லையா. நம்பர் கிளப்புல கொடுத்தாங்கன்னு போட்டுக்கலாம். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்."

எவ்வளவு வசதி. அவள் வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. எழுந்து கதவைத் திறந்து போனால் நாளையிலிருந்து அந்த நாற்காலி அவளுடையது. அதை நினைத்ததும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அந்த நாற்காலியில் சாய்ந்து, திரையைப் பார்த்து, பின்னால் யாருமில்லாமல். ஆனால் பக்கத்து நாற்காலியில் இந்த மனிதர் இருப்பார். ஒருவருக்கொருவர் நல்லது செய்துகொண்ட இரண்டு பேர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, வருடக்கணக்காக. காலையில் ஒருவர் அவளுக்கு நல்லது செய்ய வந்து அரை வானத்தை அடைத்ததை அவள் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அவர் எங்க அக்கா வீட்டுக்காரர், சார்," என்றாள். "முதல் வார்த்தையிலேயே தெரியும். சொல்லாம இருந்தது என் தப்பு. அப்படியே போடுங்க."

பூட்டு தலையசைத்தார். அப்படியானால் தன் பல் விஷயத்தையும் போட வேண்டியிருக்கும் என்றார். ஆமாம் சார் என்றாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

தேர்வு ரத்தானது. தவறியதாகவும் இல்லை, தேறியதாகவும் இல்லை. விசாரணை முடியும்வரை அவளை வானிலை மேசையில் உட்கார வைத்தார்கள். அங்கே ஜன்னல் இருந்தது. பூட்டைத் தேர்வு நடத்துவதிலிருந்து விலக்கி, பயிற்சி வகுப்பில் பேச அனுப்பினார்கள். தண்டனை என்றால் அதுதான் தண்டனை.

விசாரணைக் குழுவில் பெரியவர்கள் இருந்தார்கள். வால்யூம் ஏன் பூஜ்ஜியத்தில் இருந்தது என்று கிளப்பில் ஒவ்வொருவரையும் கேட்டார்கள். தலைவரும் கூடவே உட்கார்ந்திருந்ததால் ஒருவரும் காரணம் சொல்லவில்லை. அவர் மனதை ஏன் நோகடிக்க வேண்டும்? குழு யோசித்து, விமானிகளுக்குத் தரையிலிருந்து வழிகாட்டுதல் போதவில்லை என்ற முடிவுக்கு வந்தது. கிளப்புக்கு இன்னும் சக்தி வாய்ந்த ரேடியோ வாங்கித் தரப் பரிந்துரைத்தது. வானொலி அதைத் தன் வாழ்நாள் சேவைக்குக் கிடைத்த அங்கீகாரமாக எடுத்துக்கொண்டார். பல் டாக்டரின் பறக்கும் உரிமத்தை ஒரு பருவத்துக்குப் பிடுங்கிவைத்தார்கள். ஒரு குமிழுக்காக இவ்வளவா என்று அவர் நாற்காலியில் சாய்ந்த ஒவ்வொருவரிடமும் கேட்டார். எல்லோரும் அவர் பக்கம்தான்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு சாயங்காலம் அக்கா போன் செய்தாள். தங்கை வானிலை மேசையில் கடைசி அறிக்கையை அனுப்பிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே உயரமான மேகம் ஒன்று இளஞ்சிவப்பாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு, உடம்பு, மழை எல்லாம் பேசி முடிந்தது. பின்னணியில் அத்தானின் குரல் என்னவாம் என்னவாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தனக்குப் பறக்க அனுமதி இல்லாவிட்டால் என்ன, கிளப் நண்பர் ஒருவர் ஓட்டுவார், தான் பக்கத்தில் உட்கார்ந்து வரலாம் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

"மறு டெஸ்ட் என்னைக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"இன்னும் ஒண்ணும் வரலைக்கா," என்றாள் தங்கை.

சீக்கிரம் வரும், கவலைப்படாதே என்று அக்கா தேற்றினாள். தங்கை சரி என்றாள், போனை வைத்தாள், வீட்டுக்குப் போய்க் காலைக்கு வேண்டிய சட்டையை எடுத்து இஸ்திரி போடத் தொடங்கினாள். தேர்வு மறுநாள் காலை.